ஆயர் வர்றாகன்னா யாரு வர்றாக? நம்ம சாமியாரைத் தேர்ந்தெடுக்குறது யாரு?

பதிவு 1 | காளையார்கோவில்காரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போவேன். இன்னைக்கு எழுத வேண்டியதாப் போச்சு.

நான் பிறந்தது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம், காளையார்கோவில் பக்கம். கட்டிக்கிட்டு வந்தது மதுரை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடு. கல்யாணமாகி மூணாவது மாசம், ஒரு சனிக்கிழமை காலையில மாமியார் அடுப்படிக்கு வந்து, "சாயந்தரம் ஆயர் வீட்டுக்கு வர்றாக"ன்னு சொன்னாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க ஊர்ல ஆயர்னா, பல ஊர்க் கோயில் சேர்ந்த மறைமாவட்டத்துக்கே ஒருத்தர். உறுதிபூசுதலுக்கு வருவாரு, கையில செங்கோல், தலையில உயரத் தொப்பி, முன்னாடி பேண்டு வாத்தியம். அவரு நம்ம வீட்டுக்கா? ரெண்டு கிலோ மட்டன் வாங்கியாரச் சொல்லி, மாடி வீட்டுல நாலு நாற்காலி இரவல் வாங்கி, பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். அஞ்சரை மணிக்கு ஸ்பிளெண்டர்ல ஒருத்தர் வந்து ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "அம்மா இருக்காங்களா?"ன்னாரு. "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, ஆயர் கார் வரணும்"னு சொல்லிட்டேன். அவர்தான் ஆயர். வீட்டுல இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாக.

அது பழைய கதை. இப்ப விசயம் என்னன்னா, ஒரே வாரத்துல ரெண்டு பக்கமும் மாற்றல். எங்கம்மா ஊர்ல பங்குச்சாமியாரை மாத்திட்டாக. மாதா கெபி பாதி எழும்பி, கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. இங்க எங்க ஆயரையும் மாத்திட்டாக. பெண்கள் ஐக்கிய சங்கத்துல மனு எழுதி வீடு வீடா கையெழுத்து வாங்குறாக, மாமியார்தான் முன்னாடி. நான் அம்மாகிட்ட போன்ல, "நீங்களும் மனு குடுங்கம்மா"ன்னேன். அதுக்கு அம்மா, "அவரு நம்மளக் கேட்டா வந்தாரு, நம்மளக் கேட்டுப் போறதுக்கு?"ன்னு வச்சிருச்சு.

எனக்கு அதுலருந்து மண்டையில ஒரே குடைச்சல். யாரு முடிவு பண்றாக? நம்மள ஒருத்தரும் கேக்கலையே. ஆதியிலருந்தே இப்படித்தானா?


பதிவு 2 | கருமாத்தூர் பழையவன்

ஒன்பது வருஷம், சாமியாராகப் படிக்கிற குருமடத்தில் இருந்துட்டு வெளிய வந்தவன் நான். இப்ப இன்சூரன்ஸ் வேலை. தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல சொல் குழப்பம். ஆர்.சி.யில பங்கை, அதாவது ஊர்ச் சபையைப் பாக்குறவர் பங்குத்தந்தை, மறைமாவட்டத்துக்கு ஆயர், உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர். சி.எஸ்.ஐ.யில பங்கு மாதிரியான சேகரத்தைப் பாக்குறவரே ஆயர், மறைமாவட்டம் மாதிரியான திருமண்டலத்துத் தலைவர் பேராயர். அதனால மதுரையில ஒரே சமயத்துல ரெண்டு பேராயர் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் போனா உங்க ஆயரைக் குருவானவர்னு சொல்லுவாங்க, வயசானவங்க ஐயர்னே சொல்லுவாங்க.

பழைய வேதாகமத்துல இந்தப் பதவிக்குப் போட்ட சொல் இன்னும் வேடிக்கை. "கண்காணி". கிரேக்கத்துல எபிஸ்கோப்போஸ்னா மேற்பார்வை பாக்குறவர். அதைத்தான் தமிழாக்கியிருக்காங்க. பிலிப்பியருக்கு எழுதின நிருபம் கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்னுதான் ஆரம்பிக்கும். தோட்டத்துக் கங்காணிகிட்ட அடி வாங்கித் திரும்பி வந்த சனம் அதை என்ன மனசோட வாசிச்சுச்சோ.

உங்க கேள்விக்கு வர்றேன். ஆர்.சி.யில பங்குத்தந்தையைப் போடுறதும் மாத்துறதும் ஆயர். ஆயரைப் போடுறது போப்பாண்டவர். டெல்லியில இருக்குற போப்பாண்டவரோட தூதர் இரகசியமா விசாரிச்சு மூணு பேர் கொண்ட பட்டியல் ஒண்ணை ரோமுக்கு அனுப்புவார். வயசு 35 ஆகியிருக்கணும், குருவாகி 5 வருஷம் ஆகியிருக்கணும். 75 ஆனதும் ஆயர் விலகல் கடிதம் கொடுத்துடணும். அந்த விசாரணைக் கடிதம் குருப்பட்டம் இல்லாத சில பொதுநிலையினருக்கும் வரலாம். வந்ததை வெளியே சொல்லக்கூடாது. எங்க தெருவுல ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தருக்கு வந்தது தெருவுக்கே தெரியும், அவர் மட்டும் இன்னிவரைக்கும் ஒத்துக்கல.

ஆனா ஆதியிலருந்தே இப்படியான்னா, இல்லை. 374-ல மிலான் நகரத்து ஆயர் இறந்துபோனார். அடுத்தவர் யாருன்னு, இயேசு கடவுளுக்குச் சமமில்லைன்னு சொன்ன ஆரியுஸ் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் கோயிலுக்குள்ளயே அடிதடி ஆகுற நிலைமை. அமைதிப்படுத்த மாநில ஆளுநர் அம்புரோஸ் வந்தார். நம்ம கலெக்டர் பந்தோபஸ்துக்கு வந்தாருன்னு வச்சுக்கங்க. கூட்டத்துல ஒரு குழந்தை "அம்புரோஸ்தான் ஆயர்"னு கத்துச்சாம். ரெண்டு கட்சியும் அதையே பிடிச்சுக்கிச்சு. மனுஷனுக்கு அப்ப ஞானஸ்நானமே ஆகல! ஓடி ஒளிஞ்சு பாத்தார், விடல. ஞானஸ்நானம் கொடுத்து, எட்டே நாள்ல ஆயராக்கிட்டாங்க. புதுசா ஞானஸ்நானம் வாங்கினவரை ஆயராக்கக் கூடாதுன்னு 325-ல நிசேயாவில் ஆயர்கள் கூடின பொதுச்சங்கம் போட்ட சட்டம் அப்ப அரை நூற்றாண்டுப் பழசு. சனத்துக் குரலுக்கு முன்னாடி அது நிக்கல.


பதிவு 3 | மாசிவீதி பாத்திரக்கடை

நான் உங்க ஆளு இல்லைங்க, மீனாட்சிக்கு விளக்குப் போடுறவன். கடையில குத்துவிளக்கும் உண்டு, உங்க சர்ச்சுக்கு வாங்குற மெழுகுதிரித் தண்டும் உண்டு. அந்தப் பழக்கத்துல கேக்குறேன்.

எங்க கோயில்ல பட்டர் முறை பிறப்பால வருது. அப்பாவுக்கு அப்புறம் பிள்ளை. 2018-ல நம்ம தல்லாகுளம் ஐயப்பன் கோயில்ல பிராமணர் அல்லாத ஒருத்தரை அர்ச்சகராப் போட்டதே பத்திரிகைச் செய்தி ஆச்சு. உங்கள்ல அந்தப் பாத்தியதை கிடையாது, சரி. மேலிடம் போடுது, இல்லாட்டி சனம் கத்துது. மூணாவது வழியே கிடையாதா? பள்ளிக்கூடத்துல குடவோலைன்னு படிச்சோமே. உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி, ஒண்ணுந்தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. சாமி காரியத்துக்கு இதுதான பொருத்தம்?


பதிவு 4 | அரசரடி பெஞ்சு

அரசரடி இறையியல் கல்லூரியில் படித்து, முப்பது ஆண்டு சேகரங்களில் இருந்து ஓய்வு பெற்றவன். பாத்திரக்கடை ஐயா, நீங்கள் சொன்ன குடவோலைதான் திருச்சபையின் முதல் நியமனம் என்றால் நம்புவீர்களா?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் போனதால் அப்போஸ்தலர்களில் ஓர் இடம் காலியானது. பர்சபா எனப்பட்ட யோசேப்பு, மத்தியா என்று இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம். இன்றும் எகிப்தின் கோப்து திருச்சபை இதைச் செய்கிறது. 2012 நவம்பர் 4-ஆம் தேதி கெய்ரோ பேராலயத்தில், மூன்று பெயர்கள் போட்ட கண்ணாடிக் கலத்திலிருந்து கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் ஒரு சீட்டை எடுத்தான். அந்தப் பெயர்தான் இன்று அந்தத் திருச்சபையின் தலைவராய் இருக்கும் தவத்ரோஸ். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பையனின் கை கலத்துக்குள் போனபோது எனக்கே உள்ளங்கை வியர்த்தது.

குடவோலையில் குலுக்குவதற்கு முன்பே தகுதிச் சலிப்பு உண்டு. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் ஆகாது. கண்காணிக்கு வேண்டிய தகுதியைச் சொல்கிற, தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரே மனைவியை உடையவன், மதுபானப் பிரியனாய் இராதவன், பண ஆசை இல்லாதவன், சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன். இரண்டும் ஏறக்குறைய ஒரே கையெழுத்து.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்துக்கு வந்தால் வழி மாறுகிறது. விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, "உங்களில் ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்" என்றார்கள். சபை தெரிந்தது, அப்போஸ்தலர் தலைமேல் கை வைத்து ஜெபித்து ஏற்படுத்தினார்கள். தெரிவது சனம், கை வைப்பது மேலே இருப்பவர்கள். இந்த இரண்டு கையும் பல நூற்றாண்டு சேர்ந்தே போயின. நிசேயா சங்கத்தின் நான்காம் விதி, ஆயரை ஏற்படுத்த மாகாணத்து ஆயர்கள் எல்லாரும் வரவேண்டும், முடியாவிட்டால் மூன்று பேராவது வரவேண்டும் என்றது. ஐந்தாம் நூற்றாண்டில் ரோம் ஆயர் பெரிய லியோ, எல்லாருக்கும் தலைவராய் இருக்கப்போகிறவரை எல்லாருமே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதினார். தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதியவர் ஒரு போப்பாண்டவர், கவனியுங்கள்.


பதிவு 5 | காளையார்கோவில்காரி

அப்ப நமக்கு ஓட்டு இருந்துச்சு. யாரு பிடுங்குனா?


பதிவு 6 | கருமாத்தூர் பழையவன்

பாதியை நாமளே தொலைச்சோம், பாதியை ராசாக்கள் பிடுங்குனாங்க.

366-ல ரோம் ஆயர் தேர்தல். தமாசுஸ் ஒரு கட்சி, உர்சீனுஸ் ஒரு கட்சி. தேர்தல் முடிஞ்சப்ப ஒரு கோயிலுக்குள்ள மட்டும் 137 பிணம் கிடந்ததுன்னு, கிறிஸ்தவர் அல்லாத அம்மியானுஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வச்சிருக்கார். உள்ளாட்சித் தேர்தல்ல நம்ம ஊர்ல மண்டை உடையுறதைப் பாத்தவங்களுக்கு இது புரியும்.

பிறகு ஆயர் பதவியோட நிலம், வரி, படை எல்லாம் சேர்ந்துச்சு. அரசன் சும்மா இருப்பானா? மோதிரமும் செங்கோலும் நானே கொடுப்பேன்னான். கொடுக்குறவன் கையில காசு வாங்காமலும் கொடுக்கல. போப்பாண்டவர் ஏழாம் கிரகோரி, ஜெர்மன் ராசா நாலாம் ஹென்றி சண்டை அதுதான். 1077 சனவரியில இத்தாலியில கனோசா கோட்டை வாசல்ல, போப்பாண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, பனியில, வெறுங்காலோட மூணு நாள் நின்னான் ஹென்றி. சண்டை அதோட முடியல, 1122-ல வோர்ம்ஸ் உடன்படிக்கையில ஒருமாதிரி முடிஞ்சது. மோதிரமும் செங்கோலும் திருச்சபைக்கு, நிலம் சார்ந்த அதிகாரம் அரசனுக்கு. இந்தச் சண்டையில ஜெயிச்சது திருச்சபை, ஆனா அரசனை வெளியே தள்ளுறேன்னு கதவைச் சாத்தினப்ப சனமும் வெளியே நின்னுபோச்சு. என் கணக்கு அதுதான், வேற மாதிரி சொல்றவங்களும் உண்டு.

போப்பாண்டவர் தேர்தலும் அப்படித்தான். 1059-ல அது போப்பாண்டவருக்கு அடுத்த நிலையில இருக்குற கர்தினால்கள் கைக்குப் போச்சு. 1179-ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு ஆச்சு. 1268-ல அடுத்த போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க இத்தாலியில வித்தர்போ ஊர்ல கூடினாங்க, 1271 வரைக்கும் முடிவாகல. ஊர்க்காரங்க பொறுத்துப் பொறுத்துப் பாத்து, கதவைப் பூட்டி, சாப்பாட்டைக் குறைச்சு, கடைசியில கூரையையே பிரிச்சாங்க. சனத்துக்கு ஓட்டு இல்லாட்டியும் ஓட்டைப் பிரிக்கத் தெரியும்! அப்ப தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் கிரகோரி, குருப்பட்டம்கூட வாங்காதவர், அந்நேரம் பாலஸ்தீனப் பக்கம் சிலுவைப்போர்ப் படையோட இருந்தார். அவர்தான் 1274-ல பூட்டி வைக்கிறதையே சட்டமாக்குனார்.


பதிவு 7 | ஓரியூர் நடை

எல்லாரும் மிலான், ரோம்னு போறீக. நம்ம மண்ணுக்கு வாங்க.

1606-ல ராபர்ட் தெ நொபிலிங்கிற சேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தப்ப, இந்தப் பக்கத்துக்குக் குருக்களை அனுப்புற உரிமை யாருக்குன்னு நினைக்கிறீக? போர்த்துக்கல் ராசாவுக்கு. பதுரவாதோன்னு பேரு. கோயில் கட்டுறேன், குருக்களை அனுப்புறேன், பதிலுக்கு ஆயர் யாருன்னு நானே பேர் சொல்லுவேன்னு ரோம்கிட்ட வாங்கிக்கிட்ட பாத்தியதை. 1622-ல ரோமே மிஷன் வேலையைப் பாக்க மறைபரப்புப் பேராயம்னு ஒரு அலுவலகத்தை உண்டாக்குனதும் ரெண்டுக்கும் இழுபறி ஆரம்பம்.

ஆனா ஊருக்குள்ள உண்மையில சபையைக் காத்தது இவங்க யாருமில்ல, உபதேசியார்தான். சாமியார் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா பெருசு. மறவர் சீமையில அந்த ஒரு தடவை வர்றதுக்கே தலை போகும். அருளானந்தர்ங்கிற சேசு சபைச் சாமியாரோட தலை 1693 பிப்ரவரி 4-ல ஓரியூர்ல போனது. மிச்ச நாள்ல ஜெபம் சொல்லிக் கொடுத்தது, சாகக் கிடந்தவங்களுக்குப் பக்கத்துல உக்காந்தது, பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தது எல்லாம் உபதேசியார். வீரமாமுனிவர் அவங்களுக்குன்னே "வேதியர் ஒழுக்கம்" எழுதுனாரு. உபதேசியாருக்குப் பட்டம் கிடையாது, அங்கி கிடையாது. ஊர்ல நம்பிக்கை உள்ள ஆளாப் பாத்துச் சாமியார் சொல்லுவாரு, ஊரு தலையாட்டும். அவ்வளவுதான் நியமனம்.

1773-ல சேசு சபையையே போப்பாண்டவர் கலைச்சுட்டாரு. அப்புறம் கோவாவுலருந்து வந்த குருக்கள் பாத்தாக. 1838-ல பிரெஞ்சு சேசு சபையார் திரும்பி வந்தப்ப கூத்து ஆரம்பம். கோயில் யாருக்கு? சாவி யாருகிட்ட? ஒரே ஊர்ல கோவாச் சாமியார் கட்சி ஒண்ணு, ரோம் அனுப்புன சாமியார் கட்சி ஒண்ணு. வழக்கு, வாய்தா. ரோமும் போர்த்துக்கல்லும் செஞ்ச 1886 உடன்படிக்கைக்கு அப்புறமும் நம்ம பக்கத்துச் சில ஊருக போர்த்துக்கல் பாத்தியதையில இருந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்குக் கீழதான் இருந்துச்சு. எங்க அப்பத்தா ஊர்ல ஒரே தெருவுல ரெண்டு கோயில் நிக்கும். சின்னப் புள்ளையில, ரெண்டு மாதாவும் அக்கா தங்கச்சி, சண்டைன்னு நினைச்சிருக்கேன்.

ஆர்.சி.யில தமிழர் ஒருத்தர் ஆயராக 1923 ஆச்சு. தூத்துக்குடி, திபூர்சியுஸ் ரோச். மதுரை தனி மறைமாவட்டம் ஆனது 1938, முதல் ஆயர் ஜான் பீட்டர் லியோனார்டு, அவரும் சேசு சபையார்தான். நொபிலி வந்து 332 வருஷம்!


பதிவு 8 | பசுமலை தாத்தா

ஓரியூர் தம்பி நன்றாய்ச் சொன்னார். அமெரிக்கன் மிஷன் கதையை ஒருவரும் தொடவில்லையே.

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் காங்கிரிகேஷனல் வகை. அவர்களுக்குப் பேராயர் என்ற பேச்சே கசப்பு. சபையார்தான் போதகரை அழைக்க வேண்டும், சபையார்தான் சம்பளம் கொடுக்க வேண்டும், சபையார் வேண்டாம் என்றால் அவர் போக வேண்டும். இது கொள்கை. நடைமுறையில் சம்பளப் பணம் நெடுநாள் மிஷன் தலைமையகமான பாஸ்டனிலிருந்துதான் வந்தது, ஆகவே அழைத்ததும் பாஸ்டன்தான். இதை என் பாட்டனார் சொல்லிச் சிரிப்பார்.

சபை சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று வந்ததுதான் பிடி அரிசி. எங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கழுத்து உடைந்த ஒரு கலயம் இருந்தது. பாட்டியம்மாள் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார்கள். வீட்டில் அரைவயிறு என்றாலும் அந்தக் கைப்பிடி குறையாது, கை சிறிதாய் மூடும், அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனையில் எல்லா வீட்டுக் கலயமும் பீடத்துக்கு முன்னால் சாக்கில் கொட்டப்படும். புழுங்கலும் பச்சையும் நொய்யும் கலந்த அந்த அரிசியைத்தான் போதகர் குடும்பம் சமைத்தது. சோறு ஒருபோதும் ஒரே பதமாய் வேகாது என்று போதகர் வீட்டு அம்மாள் என் பாட்டியிடம் சொன்னார்களாம். அதைக் கேட்ட பின்பு எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் பேசி வைத்து ஒரே ரகம் போட்டார்கள். அழைப்பது சபையார் என்பதற்கு அர்த்தம் எனக்கு அந்தக் கலயம்தான்.

பிறகு 1908-ல், மூப்பர் மன்றம் நடத்துகிற பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் இணைந்தார்கள். 1919-ல் தரங்கம்பாடியில், பேராயர் உள்ள இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன்களோடு பேச்சு தொடங்கியது. பேராயர் இருக்க வேண்டுமா, பழைய போதகர்மாருக்கு மறுபடி கை வைக்க வேண்டுமா என்று 28 வருஷம் பேசினார்கள். மறுபடி வைக்க வேண்டாம் என்று முடிவு. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயரே வேண்டாம் என்றிருந்த மதுரைக்கு முதல் பேராயராய் வந்தவர் லெஸ்லி நியூபிகின். அவர் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியர். சபை கேட்காத போதகரை நிலச்சுவான்தார் திணிக்கக் கூடாது என்று 1843-ல் 450-க்கு மேற்பட்ட போதகர்மார் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு எழுந்துபோன தேசம் அது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து நமக்குப் பேராயர்! ஆனால் பழைய ஆட்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். கிராமம் கிராமமாய் வந்தார், தமிழில் பிரசங்கித்தார்.


பதிவு 9 | புதூர் பாஸ்டர் பொண்ணு

உங்க எல்லாரோட சபையிலயும் யாராவது ஒருத்தர் ஆர்டர் போடுறாங்க. எங்கப்பாவுக்கு யாரும் போடல. அவர் பஸ் கண்டக்டர். ராத்திரி கடைசி ட்ரிப் முடிஞ்சு டிப்போவுல படுத்திருந்தப்ப அழைப்பு வந்துச்சுன்னு சொல்லுவாரு. மூணு மாசம் அம்மாகிட்டகூடச் சொல்லல. அப்புறம் வீட்டு ஹால்ல ஏழு பேரோட ஜெபக்கூட்டம், பெட்ஷீட்தான் ஜமுக்காளம். இப்ப வாடகை ஹால், ஞாயித்துக்கிழமை உக்கார இடம் இருக்காது. சீட்டுமில்ல, ரோமுமில்ல, கலயமுமில்ல. பிடிச்சா சனம் வரும், பிடிக்கலன்னா அடுத்த தெருவுல இன்னொரு சபை.

ஆனா ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு 68 வயசு. அடுத்தது யாருன்னு சபையில பேச்சு வருது, எல்லாரும் என் தம்பியைப் பாக்குறாங்க. அவனுக்கு அந்த மாதிரி ஒரு ராத்திரி வந்ததா எனக்குத் தெரியல. பாத்திரக்கடை அண்ணன் சொன்ன பட்டர் முறை எங்க ஹாலுக்கே வந்துருச்சோன்னு பயமா இருக்கு. பைபிள் காலேஜ் போனது நான்தான். என்னை யாரும் பாக்கல.


பதிவு 10 | அரசரடி பெஞ்சு

மகளே, எங்கள் சபையில் 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாயிற்று. 2013-ல் நந்தியாலில் புஷ்பா லலிதா பேராயரானார். கத்தோலிக்கத்தில் அந்தக் கதவு இல்லை என்று 1994-ல் இரண்டாம் ஜான் பால் எழுதிவிட்டார். உங்கள் சபையில் கதவு யார் கையில் இருக்கிறது என்பதே தெரியாது, அதுதான் உங்கள் சிக்கல். அப்பாவிடம் நேரே கேளுங்கள்.


பதிவு 11 | வாடிப்பட்டி வெயில்

தேர்தல் தேர்தல்னு ஆசைப்படுறவங்களுக்கு. எங்க திருமண்டலத்துல (பேர் சொல்லல) பேராயர் தேர்தல் நடந்தப்ப நான் திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர். முறை என்னன்னா, பெருமன்றம் ஓட்டுப் போட்டுப் பேர்ப்பட்டியல் அனுப்பும், அதுலருந்து சி.எஸ்.ஐ. மொத்தத்துக்கும் தலைமைப் பேரவையான சினாடு ஒருத்தரை நியமிக்கும். கேக்க அழகு. என்கிட்ட ஓட்டுக் கேட்டு வந்தவங்க ஒருத்தர்கூட அந்த ஆயர் எப்படிப் பிரசங்கம் பண்ணுவாரு, எப்படி ஜெபிப்பாருன்னு சொல்லல. "நம்ம ஆளு"ன்னாங்க. என்னோட சாதி தெரியாம வந்த ஒருத்தர், தெரிஞ்சதும் டீயைப் பாதியில வச்சுட்டுக் கிளம்பிட்டாரு. டம்ளர்ல ஆடை படிஞ்சு ரொம்ப நேரம் அங்கயே இருந்துச்சு.

ஆர்.சி. நியமனம் மட்டும் சாதி பாக்காதுன்னு யாரும் சொல்ல வேணாம். தலித் ஒருத்தர் கர்தினால் ஆக 2022 வரைக்கும் ஆச்சு, ஐதராபாத் அந்தோனி பூலா. எங்க பக்கம், தலித் இல்லாட்டியும் ஒடுக்கப்பட்ட சாதியிலருந்து வந்த வேதநாயகம் அசரியா 1912-லேயே தோர்ணக்கல் பேராயரானாரு, அவரும் நியமனம்தான். ஓட்டு விட்டிருந்தா அன்னைக்கு ஜெயிச்சிருப்பாரான்னு எனக்குச் சந்தேகம்.


பதிவு 12 | நெறியாளர்

இதுவரை நல்லபடியாகப் போகிறது. இன்றைக்குப் பதவியில் இருப்பவர்கள், இப்போதைய சேகரம், பங்கு எதையும் பெயர் சொல்லிக் குற்றம் சொல்ல வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பிரியாணிக் குறிப்பு கேட்ட பதிவை நீக்கவில்லை, சமையல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.


பதிவு 13 | மாசிவீதி பாத்திரக்கடை

கருமாத்தூர் தம்பி, எல்லாம் சொன்னீங்க, நீங்க ஏன் வெளிய வந்தீங்கன்னு சொல்லலையே. கேக்கக் கூடாதுன்னா விட்டுருங்க.


பதிவு 14 | கருமாத்தூர் பழையவன்

கேக்கலாம்.

அழைப்புன்னா மேலிருந்து ஒரு குரல்னு நினைச்சுத்தான் போனேன். பத்தாம் வகுப்பு முடிஞ்சு இறையழைத்தல் முகாம், பங்குச்சாமியார் கடிதம், சிறு குருமடம். குருமடமே பழைய ஏற்பாடு இல்லை தெரியுமா? திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ல உத்தரவு போட்டது. அதுக்கு முந்தி பங்குச்சாமியார்கிட்ட எடுபிடியா இருந்து கத்துக்கிட்டவங்கதான் நிறையப் பேர். அப்புறம் கருமாத்தூர்ல தத்துவ இயல், ஒரு வருஷம் பங்குல களப்பணி, அப்புறம் இறையியல். ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் அதிபர் அறைக்குப் போய் நிக்கணும். என்னோட சேர்ந்தவங்க 21 பேர், கடைசியில 6 பேர்.

குருப்பட்டத்துக்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு முன்னாடி ஒரு கடிதம் கொடுக்கணும். டைப் அடிச்சுக் கொடுக்கக் கூடாது, கைப்பட எழுதணும், திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு. யாரும் வற்புறுத்தாம, முழு மனசோட, வாழ்நாள் பூராவுக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ராத்திரி பத்து மணிக்கு உக்காந்தேன். "யாரும் வற்புறுத்தாமல்"னு எழுதும்போதெல்லாம் எங்கம்மா முகம் வந்துச்சு. அவங்க வற்புறுத்தல. ஊர்ல எல்லார்கிட்டயும் "சாமியார் அம்மா"ன்னு பேர் வாங்கியிருந்தாங்க, அவ்வளவுதான். மூணு தாள் கிழிச்சேன். நாலாவதுல விலகல் கடிதம் எழுதினேன், அது ஒரே மூச்சுல வந்துச்சு.

391-ல அகுஸ்தினார் வட ஆப்பிரிக்காவுல ஹிப்போ ஊருக்கு ஒரு நண்பரைப் பாக்கப் போனார். கோயில்ல ஆயர் வலேரியுஸ், எனக்கு ஒரு குரு வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தார். சனம் அகுஸ்தினாரைப் பிடிச்சு இழுத்து முன்னாடி நிறுத்திடுச்சு. அவர் அழுதார். ஆயர் பதவி கிடைக்காம வெறும் குருவானதுக்கு அழறார்னு நினைச்சுச் சிலர் தேத்தினாங்களாம்! அவர் என்னை மாதிரி நாலாவது தாளைத் தேடல, நின்னார். 426-ல தனக்கு அடுத்து ஏராக்லியுஸ்னு சனத்துகிட்டச் சொன்னப்ப, எழுத்தர்களை உக்கார வச்சு சனம் கத்தினதை எண்ணச் சொன்னார். இறைவனுக்கு நன்றி, கிறிஸ்துவுக்குப் புகழ்னு 23 தடவைன்னு பதிவு இருக்கு. சனத்துக் குரலைக் கணக்குல ஏத்துன காலம்.

ராணிக்கா, இப்பவும் அந்தக் குரல் ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. குருப்பட்டத் திருப்பலியில, பேர் கூப்பிட்டதும் அந்தப் பையன் "இதோ வருகிறேன்"னு முன்னாடி வந்து நிப்பான். இவர் தகுதியுள்ளவர்னு உமக்குத் தெரியுமான்னு ஆயர் கேப்பார். இறைமக்களிடம் விசாரித்ததில் தகுதியுள்ளவர் எனத் தெரியுதுன்னு அதிபர் பதில் சொல்லுவார். ஆயர் தேர்ந்துகொள்கிறோம்னதும் கோயிலே கை தட்டும். அது வாழ்த்துன்னு எல்லாரும் நினைக்கிறோம். அது சம்மதம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையில இன்னும் "அக்ஸியோஸ்", தகுதியானவர்னு சத்தம் போட்டே சொல்றாங்க. நமக்குச் சத்தம் போய்க் கைதட்டல் மட்டும் மிச்சம்.


பதிவு 15 | காளையார்கோவில்காரி

எம்பேரு ராணின்னு யாருப்பா சொன்னது? சரி, இருக்கட்டும், ராணிக்கான்னே கூப்பிடு.

எங்க சித்தப்பா மகன் குருப்பட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தக் கைதட்டல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா மடியில தூங்கிட்டிருந்த பிள்ளையை மாமியார் மடிக்கு மாத்திட்டுத் தட்டுனேன். பக்கத்துல அத்தை, "என்னத்துக்குடி தட்டுறாக?"ன்னுச்சு. "தெரியல, எல்லாரும் தட்டுறாக, தட்டு"ன்னேன். ஓட்டுப் போடுறோம்னு தெரிஞ்சிருந்தா அத்தை தட்டியிருக்காது. அவன் சின்னதுல அதோட கோழியைத் திருடிச் சுட்டுத் தின்னவன்.

மனு விசயம்: 214 கையெழுத்து ஆச்சு. மாமியாரும் நாலு பேரும் பேராயர் அலுவலகத்துக்குப் போயிட்டு வந்தாக. வாங்கி வச்சுக்கிட்டாகளாம், டீ குடுத்தாகளாம். மாற்றல் மாற்றல்தான். அம்மா ஊர்ல புதுச் சாமியார் வந்து, முதல் வேலையா கெபிக் கம்பியை எண்ணிப் பாத்தாராம். அம்மா போன்ல, "ஆளு பரவாயில்ல போலடி"ன்னுச்சு.


பதிவு 16 | மாசிவீதி பாத்திரக்கடை

அந்த ரெண்டு கிலோ மட்டன் என்னாச்சு?


பதிவு 17 | காளையார்கோவில்காரி

ஆயர் ஒரு கப் டீ குடிச்சிட்டு, சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டு, அடுத்த வீட்டுக்குப் போயிட்டாக. அன்னைக்கு இன்னும் நாலு வீடு இருந்துச்சாம். போகும்போது வாசல்ல நின்னு, "வாசனை நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாக. டிபன் கேரியர்ல போட்டுக் குடுத்து விட்டோம். வர்ற சனிக்கிழமை புது ஆயர் வர்றாக. பேரு கேட்டேன், இந்தத் தடவை அம்மா ஆயராம்.